கதவு அத்தை

என் கணவருக்குக் கோபமே வராது என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அவருக்கு வரவேண்டியதும் சேர்ந்து எனக்கே வந்துவிடுகிறது.

அவர் ஒரு சிறுவர் பத்திரிகைக்குப் படம் போடுகிறவர். மாதம் இரண்டு இதழ். ஒவ்வொன்றின் நடுப்பக்கத்திலும் 'பென்சில் மாமா' கதை வரும். பென்சில் மாமா ஓர் ஓவியர். காதில் பென்சில், மூக்கு நுனியில் கண்ணாடி, சட்டைப் பையில் மைக்கறை. யார் வந்து கேட்டாலும் படம் வரைந்து கொடுப்பார். முடியாது என்ற சொல்லே அவர் வாயில் வராது. அவர் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. முதல் இதழுக்கு எந்த முகத்தைப் போடுவது என்று தெரியாமல், என் கணவர் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே வரைந்து அனுப்பிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. இரண்டு உண்டு. இருந்து என்ன பயன்? அழைப்பு மணி என்று ஒன்று இருக்கிறதே.

நான் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே பிரித்துக் காட்ட வேண்டும், மடித்து வைக்க வேண்டும். முப்பது துணியைக் கலைத்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடமும் பல்லைக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் எனக்குக் காலை நீட்டக் கிடைக்கிற நாள். அந்த நாளில்தான் படை கிளம்பி வரும். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, அம்மா இடுப்பில் ஒன்று, தானே மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்று. எல்லார் கையிலும் வெள்ளைக் காகிதம். "பென்சில் மாமா இருக்காரா?"

இருந்தார். எங்கே போவார்?

அவருடைய வலது கைதான் போய்க்கொண்டிருந்தது. முதலில் கட்டைவிரல் மரத்தது. அப்புறம் பக்கத்து இரண்டு விரல். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே இருப்பார். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டி வந்தது. ஒருநாள் தேநீர்க் கோப்பை கையிலிருந்து தானாக நழுவி விழுந்தபிறகு இழுத்துக்கொண்டு போனேன். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறதாம். டாக்டர் ஒரு பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுச் சொன்னார்: "பத்திரிகைக்குப் போடற படம், அது ஒன்னு போதும். அதுக்கு மேல ஒரு கோடு கூடாது. இப்படியே விட்டீங்கன்னா கத்தி வெச்சாலும் பழைய விரல் வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

சொல்லும்போது டாக்டர் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தடுக்க வேண்டியவள் யார் என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அன்றிலிருந்து கதவு என் பொறுப்பு. மணி அடித்தால் நான் எழுந்து போவேன். "மாமா ஊர்ல இல்லம்மா" என்பேன். குழந்தை முகம் சுருங்கும். அதைப் பார்க்க எனக்கு மட்டும் என்ன ஆசையா? மனதைக் கல்லாக்கிக்கொண்டு கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வரும்.

"யாரு வந்திருக்கிறது? உள்ள வரச் சொல்லேன்!"

இப்படி ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. வாசலில் பொய் சொன்ன வாயோடு நான் நிற்பேன். குழந்தையும் அதன் அம்மாவும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவார்கள். இவர் பட்டையை அவிழ்த்துவிட்டுக் கிளி வரைவார். குழந்தை கிளம்பியதும் வலி தாங்காமல் கையை மடியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வாயைத் திறந்து முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்பேன்.

"எப்படிச் சொல்றது? அது ஆசையா வந்து நிக்குது."

"நான் சொல்றேன்ல?"

"நீ சொல்லிடுவே" என்பார். அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறார் என்று தோன்றும். வாயில்லாப் பூச்சி என்று சொல்கிறார்களே, அது சும்மா இல்லை. அந்தப் பூச்சிக்கும் சேர்த்துப் பேச ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

ஆனால் அவர் சொல்லாமலும் இல்லை. அதுதான் வேடிக்கை.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம். வண்ணப் பக்கம் வேறோர் அச்சகத்தில் முன்கூட்டியே அச்சாக வேண்டும். அதனால் படம் முதலில் போகும், கதை பிறகு போகும். மற்ற இடத்திலெல்லாம் கதைக்குப் படம் போடுவார்கள். இங்கே படத்துக்குக் கதை போடுவார்கள். இவர் மனதில் பட்டதை வரைந்து அனுப்புவார். கதைக்காரர் அதை முன்னால் வைத்துக்கொண்டு, மாமா ஏன் இப்படி இருக்கிறார் என்று யோசித்து ஒரு கதை கட்டுவார்.

கை மரத்துப்போன நாளிலிருந்து இவர் படத்தில் பேச ஆரம்பித்தார். முதலில் பென்சில் மாமா பட்டப்பகலில் நாற்காலியில் சாய்ந்து, முகத்தை ஒரு காகிதத்தால் மூடிக்கொண்டு தூங்குவதுபோல் வரைந்தார். எதிரே ஒரு பையன் காகிதத்தோடு நிற்கிறான். இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல முடியும்? கதைக்காரர் எழுதினார்: காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுமிக்காக இரவெல்லாம் கண் விழித்து நூறு பட்டாம்பூச்சி வரைந்த களைப்பில் மாமா தூங்குகிறார்; பையன் வந்த சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்து அவனுக்கும் வரைந்து கொடுக்கிறார்!

அடுத்து இவர், மை கொட்டிக் கிடக்க, மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதுபோல் வரைந்தார். கதைக்காரருக்கு அது எம்மாத்திரம்? மாமா சுளித்தது குழந்தையைப் பார்த்து இல்லையாம், கறையைப் பார்த்தாம். இந்தக் கறைக்குள் என்ன மிருகம் ஒளிந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தாராம். பார்த்து, யானையாக்கிவிட்டாராம். அடுத்த ஞாயிறு வந்த பிள்ளைகள் எல்லோரும் மையைக் கொட்டிக் கறையாக்கிய காகிதத்தோடு வந்து நின்றார்கள். என் வீட்டுத் தரையும் கறையாயிற்று.

கடைசியில் இவர் கையில் கட்டோடே மாமாவை வரைந்தார். இனி என்ன செய்ய முடியும் என்று நானும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தேன். இதழ் வந்தது. வலது கை போனால் என்ன, ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்காக மாமா இடது கையால் வரையக் கற்றுக்கொண்டுவிட்டார்! அந்த வாரம் ஒரு குட்டிப் பெண் உள்ளே வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "கை வலிச்சா பரவால்ல மாமா. இடது கையால போடுங்க."

நான் சிரித்துவிட்டேன். சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு வந்தவள் படம் கேட்டு வரவில்லை. பள்ளிச் சீருடை வயசு, இரட்டைப் பின்னல், பேனாவும் கையுமாக நின்றாள். வகுப்பில் பென்சில் மாமா கதை ஒன்றைப் படிக்கச் சொல்லி, 'கதையில் வரும் ஓவியரிடம் நீ போற்றும் நற்பண்புகளை எழுதுக' என்று கேட்டிருக்கிறார்களாம்.

"கதையில இருக்கிறதை எல்லாரும் எழுதிடுவாங்க அத்தை. நீங்க கூடவே இருக்கீங்கல்ல, உங்களுக்குத்தானே நிறையத் தெரியும்?"

நியாயமான கேள்விதான். அவளை வாசல்படியிலேயே நிற்க வைத்து, நிலையில் சாய்ந்தபடி யோசித்தேன். வாரம் முழுக்க நின்ற கால் கெஞ்சியது.

"கோபப்பட மாட்டார். எழுதிக்கோ" என்றேன்.

எழுதினாள்.

"பிரஷ்ஷைத் தேநீர்ல முக்கிட்டு, அதையே குடிச்சிடுவார். வீணாக்க மாட்டார்னு எழுதிக்கோ. என்ன சமைச்சுப் போட்டாலும் குறை சொல்ல மாட்டார். என்ன சாப்பிட்டோம்னே தெரியாது, அதனால. யாரையும் காக்க வைக்க மாட்டார், என்னைத் தவிர."

"கொஞ்சம் மெதுவா அத்தை."

"முடியாதுன்னு சொல்லத் தெரியாது."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். "இது நல்ல குணமா, கெட்ட குணமா?"

"அதைத்தான் நானும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். அவள் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால், இவர் அறைக்கதவுப் பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் மேஜை முன் உட்கார்ந்தார்.

அடுத்த இதழுக்கான படத்தை முடிக்க அவருக்கு நான்கைந்து நாள் பிடித்தது. பத்து கோடு போடுவார், கையை வெந்நீரில் வைப்பார். முடிந்ததும் எண்ணெய்த்தாள் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, ஒட்டி என்னிடம் கொடுத்தார். கை சரியில்லாததிலிருந்து பத்திரிகை அலுவலகத்துக்குப் படத்தைக் கொண்டுபோவதும் நான்தான்.

போகும்போதே முடிவு செய்துகொண்டு போனேன். இன்றைக்குக் கதைக்காரரை ஒரு கை பார்த்துவிடுவது.

அவர் மேஜையில் தாள்களுக்கு நடுவே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கதைகளில் என்ன குதூகலம்! ஆளைப் பார்த்தால் நான்கு நாள் தூங்காதவர் மாதிரி இருந்தார். என் ஆத்திரம் பாதியாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் விடவில்லை.

"சார், அவர் கை போயிடும். ஒரே ஒரு தடவை, பென்சில் மாமா முடியாதுன்னு சொல்ற மாதிரி எழுதுங்க. பிள்ளைங்க கேட்டுக்கும்."

"தங்கச்சி, எனக்கு மட்டும் புரியாதா?" என்றார். "அவர் அனுப்பற படத்தைப் பாத்தாலே தெரியுது, மனுஷன் ஓஞ்சு போயிட்டார்னு. ஆனா மாமாவை நல்லவன்னு ஒரு தடவை எழுதியாச்சு. இனிமே அவன் மூஞ்சியைத் திருப்பினா ஆசிரியர் என்னைத் தொலைச்சிடுவார். 'பிள்ளைங்க இதிலேருந்து என்ன கத்துக்கும்'பார். நானும் பூசி மெழுகி, பூசி மெழுகி... எனக்கே அந்த மாமாவைக் கண்டா பிடிக்கலம்மா."

சொல்லிக்கொண்டே அட்டையைப் பிரித்துப் படத்தை எடுத்தார். என் பக்கம் அதன் முதுகுதான் தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். எழுந்து அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

"கவலையை விடு தங்கச்சி. இந்தத் தடவை ஒரு வழி பண்ணிடறேன். இனிமே யாரும் வர மாட்டாங்க."

பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் நின்றுகொண்டே சந்தோஷமாக வந்தேன். என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு என்று நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி.

இதழ் வந்த அன்று எனக்குக் கடையில் வேலை. உணவு இடைவேளையில் நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டாள். பேச முடியாமல் சிரித்தாள்.

"அண்ணி! உங்களைப் போட்டிருக்காங்க! அப்படியே அச்சு அசல் நீங்கதான். கதவு அத்தை!"

"என்ன அத்தை?"

"கதவு அத்தை! என் பொண்ணு பாத்துட்டு, இனிமே மாமா வீட்டுக்கு வரவே மாட்டேன்னு அழுவுறா. அண்ணன் நல்லா வெச்சுட்டாரு உங்களுக்கு!"

வரும் வழியில் கடையில் வாங்கி, தெருவிளக்கின் கீழ் நின்று படித்தேன். நடுப்பக்கம் முழுவதும் நான். பாதி திறந்த கதவு. ஒரு கை தாழ்ப்பாளில், தோளில் துண்டு, அவிழ்ந்து சரிந்த கொண்டை. பென்சில் மாமா எங்கேயோ பின்னால், கதவிடுக்கில், ஒரு கண்ணாடி வில்லையும் ஒரு காதுமாகத் தெரிகிறார். கதை இப்படிப் போனது: பென்சில் மாமாவுக்குத் தங்கமான மனசு. ஆனால் பாவம், அவருக்குக் கதவு அத்தை வாய்த்திருக்கிறாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க அவள் வாசலில் நிற்பாள். அவள் கண்ணில் பட்டால் பென்சில் முனை மழுங்கிவிடும், வண்ணங்கள் காய்ந்துவிடும். ஆகவே குழந்தைகளே, இனி மாமாவை மனதுக்குள்ளேயே கூப்பிடுங்கள், அவர் கனவில் வந்து வரைந்து தருவார்.

கதைக்காரர் வாக்குத் தவறவில்லை. அந்த ஞாயிறு யாருமே வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவருக்குக் கை தேறி வந்தது. கட்டைவிரலில் உணர்ச்சி திரும்பியது. மேல் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார்.

எனக்குத்தான் தெருவில் நடக்க முடியவில்லை. மளிகைக் கடையில் ஒரு வாண்டு என்னைப் பார்த்ததும் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டது. மாடிப்படியில் ஒருத்தி தன் பிள்ளையிடம், "ஒழுங்கா சாப்பிடறியா, இல்ல கதவு அத்தைகிட்ட பிடிச்சுக் கொடுக்கவா?" என்றாள், நான் காதில் வாங்கும்படியே. துணிக்கடைக்கு வந்த ஒரு சிறுமி, நான் பிரித்துக் காட்டிய கவுனைத் தொடவே மாட்டேன் என்றாள். அன்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது.

அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தால் என்னவெல்லாம் வரும் என்று எனக்கே பயம். அச்சகத்திலிருந்து மூலப்படம் திரும்பி வந்த அன்றுதான் பொறுக்க முடியவில்லை.

"என்னை எதுக்குங்க வரைஞ்சீங்க?"

"நீதானே கதவுல நிக்கறே."

"அதுக்காக? ராட்சசி மாதிரியா?"

அவர் நிஜமாகவே திகைத்தார். "ராட்சசியா? அது அவர் எழுதினது. நான் எங்க அப்படி வரைஞ்சேன்? நீ பாத்தியா இல்லையா?" என்று அட்டையைப் பிரித்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் என் முன் நிறுத்தினார்.

அச்சில் கறுத்துப்போயிருந்தது இதில் மெல்லிய கோடுகளாக இருந்தது. பார்த்தேன். அந்த முகத்தில் எள்ளும் இல்லை, கொள்ளும் இல்லை. களைப்பு. அவ்வளவும் களைப்பு. கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு. பேச ஆரம்பித்துப் பாதியில் வேண்டாமென்று விட்டுவிட்ட உதடு. நிலையில் சாய்ந்த தோள். இடது காலில் பாரத்தைப் போட்டு, வலது குதிகாலைத் தரையில் படாமல் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன். ஒரு வருஷமாக எனக்கு அந்தக் குதிகாலில் வலி. அப்படித்தான் நிற்பேன். யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும்தான்.

இவ்வளவு அன்பாக என்னை யாரும் பார்த்ததில்லை என்று முதலில் தோன்றியது. உடனேயே வேறொன்று தோன்றியது, அது இதைவிடப் பலமாக.

"தெரிஞ்சிருக்கு உங்களுக்கு" என்றேன். "எல்லாம் தெரிஞ்சிருக்கு. காலு வலிக்கிறது வரைக்கும். பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்க. பாத்து, வரைஞ்சீங்க. ஒரு தடவைகூட எழுந்து வந்து நீங்க கதவைத் திறக்கல."

அவர் படத்தைக் கீழே இறக்கினார். "நான்... படத்துல சொல்லிடலாம்னு..."

"யார்கிட்ட?"

பதிலுக்கு நிற்காமல் போய்ப் படுத்துவிட்டேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளுமா பத்திரிகை படிக்கின்றன? ஏதோ ஒன்று வந்திருக்கிறது. உடம்பு பழக்கதோஷத்தில் எழப் பார்த்தது. நான் எழவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். மறுபடி அடித்தது. அவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கண்ணைத் திறந்துகொண்டே அவரைப் பார்த்தேன். எழ மாட்டேன் என்பது அவருக்குப் புரிந்தது.

மூன்றாவது மணி. நாற்காலி நகர்ந்தது. அவர் கூடத்தைக் கடந்து போகிற சத்தம். மேல் தாழ்ப்பாள் அவர் கைக்குப் பழக்கமில்லை, சற்று நேரம் தடவினார். கதவு திறந்தது.

"பென்சில் மாமாதானே? எனக்கு ஒரு முயல் வேணும்." நாலைந்து வயதுக் குரல். தனியாகத்தான் வந்திருக்க வேண்டும், பக்கத்தில் பெரியவர் குரல் எதுவும் இல்லை.

இப்போது உள்ளே கூப்பிடுவார், பட்டையை அவிழ்ப்பார் என்று காத்திருந்தேன். என் கை சட்டத்தை இன்னும் இறுக்கியது.

"முயலா..." என்றார். "இல்லடா கண்ணா. இன்னைக்கு முடியாது. மாமாவுக்குக் கை வலிக்குது."

அழுகை வரும் என்று நினைத்தேன். கெஞ்சல் வரும், இடது கையால் போடச் சொல்லும்.

"சரி மாமா" என்றது அந்தக் குரல். "வலி சரியானதும் வரேன்." செருப்பு டப் டப்பென்று படியிறங்கிப் போயிற்று.

கதவு சாத்தும் சத்தம் உடனே கேட்கவில்லை. வெகு நேரம் அங்கேயே நின்றிருந்தார். அப்புறம் என் அறை வாசலுக்கு வந்தார்.

"போயிடுச்சு" என்றார். "சரின்னு சொல்லிட்டுப் போயிடுச்சு."

பேசினால் அழுதுவிடுவேன், இல்லை கையில் கிடைத்ததை எடுத்து அவர்மேல் வீசிவிடுவேன் என்று இருந்தது. குதிகால் விண்ணென்று வலித்தது. அவருக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.